அமரர் ஊர்திக்குப் போட்ட மழைக்கொட்டாய்

போன வாரம் செல்வி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் சங்கத்தின் அமரர் ஊர்தியை ஓட்டுகிறவள் அவள்தான். பிணம் ஏற்றும் வண்டியைப் பொம்பளை ஓட்டுவதா என்று ஊரில் ஆறு மாதம் பேசினார்கள். ஏறியவர்கள் யாரும் குறை சொல்லாததால் பேச்சு அடங்கிவிட்டது.

"அண்ணே, ரோட்ட அகலப்படுத்தறாங்கன்னு நம்ம ஷெட்ட இடிக்கப் போறாங்க. புது ஷெட்டு பொங்கலுக்கு அப்புறந்தான்னு சொல்றாங்க. மழையும் வந்துரும், பின்னாலயே பனியும் வந்துரும். வண்டிய எங்கண்ணே நிறுத்தறது? நீங்க ஒரு வருசம் கொட்டாய் போட்டு வச்சிருந்தீங்களாமே?"

"வச்சிருந்தேன். எங்க போடறது, எப்பிடிப் போடறதுன்னு எல்லாம் சொல்றேன். பேனர மட்டும் மேல போட்றாத."

"ஏண்ணே?"

அதைப் போனில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் கலியபெருமாள். லாரியில் கிளீனராக ஏறி டிரைவர் ஆனவன். விருத்தாசலத்துப் பீங்கான் சாமான்களை வைக்கோல் வைத்து அடுக்கி ஊர் ஊராகக் கொண்டுபோய் இறக்கியதில் பாதி ஆயுசு போனது. கக்கூஸ் கோப்பை, கரண்டுக் கம்பத்துப் பீங்கான், சாமி பொம்மை மூன்றும் ஒரே லோடில் போகும். சாமிகள் ஆட்சேபித்ததில்லை. பள்ளத்தைக் கண்டால் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும் பழக்கம் அப்போது வந்தது. முதுகு போனதும் லாரியை விட்டேன். இலவச அமரர் ஊர்தி விடும் சங்கத்தில் டிரைவர் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன்.

செயலாளர் தனசேகரன் சார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர்.

"இத்தன வருசத்துல எவ்வளவு சாமான் உடைச்சிருக்கீங்க?"

"ஒரே ஒரு பிள்ளையாருக்குத் தும்பிக்க போச்சு சார்."

"வேற?"

"வேற இல்ல சார்."

"நாளைக்கு வாங்க. உடையாத சாமான்தான். ஆனா அலுங்கக் கூடாது."

அவ்வளவுதான் நேர்காணல்.

தனசேகரன் சாரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைப்பார். துடைத்து மாட்டிக்கொண்டு "அப்படீங்களா" என்பார். அந்த ஒரு சொல்லுக்கு நான் பயந்த மாதிரி என் அப்பாவின் பெல்ட்டுக்குக்கூடப் பயந்ததில்லை. உத்தரவு எதையும் வாயால் சொல்ல மாட்டார். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதி, வரிசை எண் போட்டு, மடித்து என் சட்டைப் பையில் வைப்பார். "இருபத்தாறு: டயர் காற்றைத் தினமும் பார்க்கவும்." தாளைத் திருப்பினால் என் ராசிக்கு அன்று லாபம் என்று அச்சடித்திருக்கும். ராசிபலன் பலித்ததில்லை. சார் எழுதியது தப்பியதில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மார்கழியில் ஒரு காரியம் நடந்தது. வண்டி பழைய டீசல் வேன். விடியற்காலைப் பனியில் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பெரியவரை ஏற்றிவிட்டுச் சாவியைத் திருகினேன். 'ஙொய்' என்று ஒரு முனகல், பிறகு அதுவும் இல்லை. ஷெட்டில் விடாமல் ராத்திரி முழுக்க வெட்டவெளியில் நிறுத்தியதில் பனி குடித்த வண்டி. முக்கால் மணி நேரம் நானும் வண்டியும் மாறி மாறி முனகினோம். கடைசியில் அவர் மகன் நெல் ஏற்ற வந்த ஒரு டிராக்டரை மறித்து, அப்பாவை அதில் ஏற்றிக்கொண்டு போனார். போகும்போது, "உசுரோட இருந்தப்ப கடன் வாங்கியாவது டிராக்டர் எடுக்கணும்னு ஆசப்பட்டாரு. எடுத்துட்டாரு" என்றார். நான் பானெட்டைத் திறந்து மூடினேன்.

தகவல் தெரிந்து தனசேகரன் சார் கண்ணாடியைத் துடைத்தார். "அப்படீங்களா" என்றார். அன்றிலிருந்து வண்டி நனையாமல், பனி படாமல் இருக்க வேண்டும் என்பது எனக்கு வெறியாகிவிட்டது. ஷெட்டுக்குள் வைத்து, பானெட்டின்மேல் ஒரு சாக்கையும் போர்த்திக் கதவைப் பூட்டினேன். என் பெண்டாட்டி, "எனக்கு ஒரு கம்பளி வாங்கித் தந்திருக்கியா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி.

அப்படி இருக்க, ஓர் ஐப்பசி மழையில் அந்த ஷெட்டின் பின்சுவர் படுத்துவிட்டது. வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. புதுச் சுவர் எழுப்பிக் கூரை போட மழை விட வேண்டும். அந்த வருடம் மழை விடுகிற மாதிரி தெரியவில்லை. நான் வண்டிக்கு இடம் தேடி அலைந்தேன்.

உயிரோடு இருக்கிறவனுக்கு வாடகை வீடு கிடைப்பதே கஷ்டம். செத்தவர்களின் வண்டிக்கு யார் கொடுப்பார்கள்? முதலில் ஒரு கல்யாண மண்டபத்துக்காரர், முகூர்த்தம் இல்லாத நாளில் நிறுத்திக்கொள்ளச் சொன்னார். மறுநாளே மண்டபம் பார்க்க வந்த பெண் வீட்டார் வண்டியைப் பார்த்துவிட்டு, மண்டபத்தைப் பார்க்காமல் போய்விட்டார்கள். அடுத்து ஒரு டாக்டரின் கிளினிக் பக்கத்தில் தகரம் போட்ட இடம் காலியாக இருந்தது. "என் வாசல்ல இந்த வண்டி நின்னா பேஷண்டுங்க என்னா நெனைப்பாங்க?" என்றார் டாக்டர். அவர் பயம் நியாயமானது. அவரிடம் வந்தவர்களில் சிலரை நானும் பார்த்திருக்கிறேன், பின்னால்.

கடைசியில் கைகொடுத்தவர் ஜமால் பாய். ஊருக்கு வெளியே பீங்கான் பொம்மைப் பட்டறை வைத்திருந்தார். லாரிக் காலத்திலிருந்து பழக்கம். சூளைக்கும் குடோனுக்கும் நடுவில் வண்டி நுழையும் அளவுக்கு ஒரு சந்து. அதை எனக்குக் காட்டினார்.

"பாய், உங்க வேலக்காரங்க பயப்பட மாட்டாங்களா?"

"அவுங்க எங்கிட்ட சம்பளம் கேக்கறதுக்கே பயப்படல, இதுக்கா பயப்படப் போறாங்க? பொம்ம ஏத்த லாரி வர்றப்ப மட்டும் எடுத்துக் குடுத்துருங்க."

அந்த இடத்தின் அருமை ரெண்டு நாள் கழித்துத்தான் புரிந்தது. சூளை எரிகிற நாளில் அதன் சுவர் கை வைக்க இதமாகச் சூடேறும். வண்டியின் முகத்தை அந்தச் சுவர்ப்பக்கம் வைத்து நிறுத்தினால் எஞ்சின் ராத்திரி முழுக்க வெதுவெதுப்பாக இருக்கும். காலையில் சாவியைத் தொட்டாலே போதும். செல்விக்கு நான் சொன்ன இடமும் இதுதான். பட்டறையை இப்போது பாயின் மகன் பார்த்துக்கொள்கிறான்.

கொட்டாய் போட்டதை விவரமாகச் சொல்கிறேன், தேவைப்படுகிறவர்களுக்கு உதவும். எட்டு சவுக்குக் கம்பு. ஒரு பக்கம் உயரம், மறுபக்கம் ஒரு முழம் தாழ்வு. தண்ணீர் வழிந்து ஓட வேண்டும், நின்றால் தொந்தரவு. கூரை வண்டியின் மேல் படவே கூடாது. நடுவில் ஓர் ஆள் தவழ்கிற இடைவெளி வேண்டும். தார்ப்பாயை வண்டிமேல் நேராகப் போர்த்துகிறவர்கள் உண்டு. உள்ளே வேர்த்து, வெளி மழையைவிட அதிகமாக நனைந்துவிடும். தரையில் உடைந்த பீங்கானைக் கொட்டிப் பரப்பி அதன்மேல் செங்கல் வைத்து, டயர் ஏறி நிற்கும்படி செய்தேன். பேட்டரி முனையில் கிரீஸ் தடவ வேண்டும். பானெட்டுக்குள் எலி குடும்பம் நடத்தாமல் இருக்கப் புகையிலைக் காம்பு போட வேண்டும். என் வண்டி எலிகள் அதையும் தின்றுவிட்டு வயரைக் கடித்தன, அது வேறு விஷயம்.

கூரைக்குத்தான் ஒன்றும் இல்லை. நல்ல தார்ப்பாய் எல்லாம் நெல்மூட்டை மேல் போயிருந்தது. இந்த ஊரில் பஞ்சமே வராத பொருள் ஒன்று உண்டு, பழைய ஃபிளக்ஸ் பேனர். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கட்சி மாநாடு, கண்ணீர் அஞ்சலி என்று கிடைத்ததை எல்லாம் சேர்த்தேன். தனசேகரன் சார் வந்து பார்த்தார். மறுநாள் சட்டைப் பையில் தாள் வந்தது. "நாற்பத்தொன்று: படம் உள்பக்கம், வெள்ளை வெளிப்பக்கம். சாமி படம் கூடாது. உயிரோடு இருப்பவர் படம் வெளியே தெரியவே கூடாது."

அப்படியே கட்டினேன். உள்ளே போய் வண்டியைத் துடைக்கும்போது கூரையிலிருந்து ஒரு கூட்டமே என்னைப் பார்த்துச் சிரிக்கும். பழகிவிட்டது.

இனி என் தப்புக்கு வருகிறேன். கார்த்திகையில் மழை வலுத்தது. வெளிப்பக்கத்து வெள்ளை பாசி பிடித்துச் சொரசொரத்துவிட்டது, தண்ணீர் ஓடாமல் தொப்பை போட்டு நின்றது. அச்சடித்த பக்கம் வழவழப்பு, துளி நிற்காது. நடுவில் கட்டியிருந்த பெரிய பேனரை மட்டும் அவிழ்த்துத் திருப்பிப் போட்டால் என்ன? மழையில் யார் அண்ணாந்து பார்க்கப் போகிறார்கள்? திருப்பிப் போட்டேன். சாரிடம் சொல்லவில்லை.

அந்தப் பேனர் எங்கள் வட்டாரத்துப் பிரமுகர் ஒருவரின் பிறந்தநாள் பேனர். பெயர் வேண்டாம், ஊரே அவரை அண்ணன் என்றுதான் சொல்லும். மேலே ஆறடி உயரத்துக்கு அண்ணன் கைகூப்பிச் சிரித்தார். பக்கத்தில் 'நூறாண்டு வாழ்க' என்று எழுதியிருந்தது. அதற்கு நேர் கீழே கொட்டாயின் திறந்த பக்கத்தில் என் வண்டியின் முதுகு. அதில் கொட்டை எழுத்தில் 'இறுதிப் பயணம்'. கூரை ரோட்டுப் பக்கம் சரிந்திருந்ததால், அங்கிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே அழைப்பிதழ் மாதிரி சேர்ந்து தெரியும். எனக்கு அது தோன்றவே இல்லை. பஸ்ஸில் போன எவனோ ஒருவனுக்குத் தோன்றியது. படம் எடுத்து வாட்ஸப்பில் விட்டுவிட்டான்.

மறுநாள் காலை நல்ல மழை. ஏழு மணிக்கு அஞ்சலை என்ற பெண் போன் செய்தாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் குடியிருப்பவள். வீட்டுக்காரர் கோவிந்தன் மூட்டை தூக்குகிறவர். விடியற்காலையில் மார்வலி என்று உட்கார்ந்தவர் எழவில்லை. பெண்ணாடம் தாண்டி உள்ளே இருக்கும் சொந்த ஊருக்குக் கொண்டுபோக வேண்டும்.

"ஊருக்கு முன்னால தரப்பாலம் இருக்குதுண்ணே. ஓடையில தண்ணி ஏறிக்கிட்டு வருதாம். மத்தியானத்துக்குள்ள போவலன்னா பாதைய அடைச்சிருவாங்கன்னு மச்சான் சொல்றாரு."

"அர மணி நேரத்துல வந்துருவேம்மா" என்றேன். பட்டறைக்கு ஓடி வந்து, கிளம்புமுன் ஆயில் பார்க்கப் பானெட்டைத் திறந்தேன். அப்போது இரண்டு ஜீப்பில் பத்துப் பன்னிரண்டு பேர் வந்து இறங்கினார்கள். எல்லோரும் வெள்ளைச் சட்டை. மழைக்கு அது பொருத்தமில்லாத நிறம். முன்னால் வந்தவன் முருகவேல், அண்ணனின் வலது கை என்று ஊரில் பேர். முப்பத்தைந்து வயதிருக்கும்.

"யோவ், யாருய்யா இங்க டிரைவரு?"

"நான்தாங்க."

"அண்ணன் மொகத்துக்குக் கீழ பொண வண்டிய நிறுத்தியிருக்க. யாரு சொல்லி செஞ்ச? எவ்ளோ வாங்கன?"

"மழ ஒழுவுதுன்னு திருப்பிப் போட்டேங்க. தப்புதான். இப்ப ஒரு சாவு எடுக்கணும், வண்டிய வெளிய எடுத்துட்டு நானே அவுத்துத் தரேன்."

"இன்னொரு நிமிசம் இது இங்க இருக்கக் கூடாது. அண்ணன் வூட்ல அம்மா பாத்துட்டு சாப்புடாம குந்தினு இருக்காங்க. அண்ணனோட ஆயுசு சம்பந்தப்பட்ட விசயம்யா இது!"

"ரெண்டே நிமிசங்க" என்றேன். அதற்குள் ஆளுக்கொரு பக்கம் கயிற்றை அறுத்துவிட்டார்கள். சவுக்குக் கம்பு இரண்டு சாய்ந்தது. அண்ணன் முகம் மடங்கிக் கீழே வந்தது. பக்கத்துப் பேனரில் தொப்பை போட்டிருந்த அவ்வளவு தண்ணீரும், ராத்திரி பெய்த மழை மொத்தமும், குடம் குடமாகத் திறந்திருந்த பானெட்டுக்குள் கொட்டியது.

அவர்கள் அண்ணனை மட்டும் பத்திரமாகச் சுருட்டி ஜீப்பில் வைத்தார்கள். நான் ஏர் ஃபில்டரைக் கழற்றி உதறினேன், பேட்டரி முனையைத் துணியால் துடைத்தேன், சாவியைத் திருகினேன். 'டிக்' என்றது. இன்னொரு முறை. 'டிக்.' கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மழை இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

அரை மணி என்றது ஒரு மணியானது. ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு அஞ்சலை இறங்கினாள். புருஷனை வீட்டில் போட்டுவிட்டு வண்டியைத் தேடி வந்திருக்கிறாள்.

"இன்னாண்ணே, வரேன்னீங்களே?"

நான் வண்டியைக் காட்டினேன். கிழிந்து தொங்கிய கொட்டாயைக் காட்டினேன். ஜீப்பில் ஏறப்போன ஆட்களைக் காட்டினேன். நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னேன். அவள் ஜீப்புக்கு எதிரே போய் நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"உங்க அண்ணனுக்கு ஆயுசு கொறையும்னு இத கிழிச்சீங்களா?"

முருகவேல், "எம்மா, எங்களுக்குத் தெரியாது..." என்று ஆரம்பித்தான்.

"எம் புருசனுக்கு இனிமே கொறையறதுக்கு ஒண்ணும் இல்ல. பாலம் மூடிட்டா அவுரு அம்மா கடசியா மொகம் பாக்க மாட்டாங்க. அந்தக் கெழவி அங்கேருந்து நடந்து வர முடியாது. தள்ளுங்க."

ஆட்கள் முருகவேலின் முகத்தைப் பார்த்தார்கள்.

"தள்ளுங்கன்னு சொல்றேன்ல?"

முருகவேல்தான் முதலில் இறங்கினான். வாட்ச்சைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வண்டியின் முதுகில் கை வைத்தான். அவன் கை 'இறுதி' என்ற எழுத்தின் மேல் இருந்தது. ஆயுசு பற்றி அவ்வளவு பேசியவன் அதைக் கவனித்தானோ என்னவோ. மற்றவர்களும் வந்தார்கள். முதலில் சந்திலிருந்து பின்பக்கமாக இழுத்து வெளியே கொண்டுவந்து, ரோட்டுப் பக்கம் திருப்பினோம். பட்டறை வாசலிலிருந்து ரோட்டுக்கு லேசான இறக்கம். இரண்டாம் கியரில் போட்டு, கிளட்சை மிதித்து, வேகம் வந்ததும் விட்டேன். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, கரும்புகையைப் பன்னிரண்டு வெள்ளைச் சட்டைகளின் மேலும் பாரபட்சமில்லாமல் கக்கிவிட்டு, உயிர் பெற்றது. பட்டறைப் பெண்கள் வாசலுக்கு வந்து கைதட்டினார்கள்.

கோவிந்தனை ஏற்றும்போது ஆள் போதவில்லை. திரும்பிப் பார்த்தால் பின்னால் முருகவேலின் ஜீப் நிற்கிறது. அவனும் நான்கு பேரும் இறங்கி வந்து தலைப்பக்கம் பிடித்தார்கள்.

பெண்ணாடம் ரோட்டில் கரும்பு டிராக்டர்கள் வரிசை கட்டிப் போய்க்கொண்டிருந்தன. சாவு வண்டிக்கு எல்லோரும் வழிவிடுவார்கள், கரும்பு டிராக்டர் விடாது. எஞ்சினை அணைத்தால் மறுபடி எடுக்காது என்று பயந்து, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்காமல் நத்தையாகப் போனேன். தரைப்பாலத்தை அடைந்தபோது தண்ணீர் முழங்காலுக்குக் கீழே, ஆனால் இழுப்பு இருந்தது. எதிர்க்கரையில் கோவிந்தனின் அண்ணனும் ஊர் ஆட்களும் கயிறு கட்டிப் பிடித்திருந்தார்கள்.

"போயிரலாம்ண்ணே, கம்மியாத்தான் இருக்குது" என்றான் முருகவேல். காலையில் 'யோவ்', இப்போது 'அண்ணே'.

"ஓடற தண்ணியில வண்டிய எறக்க மாட்டேன் தம்பி. சைலன்ஸர்ல தண்ணி போனா நடுவுல நின்னுரும். அப்பறம் வண்டியோட சேத்து எல்லாருக்கும் எறுதிப் பயணம்தான்."

அவன் ஓடையைப் பார்த்தான். அஞ்சலையைப் பார்த்தான். பிறகு வேட்டியை மடித்துக் கட்டினான். ஐந்து பேரும் நானுமாக ஸ்டிரெச்சரைத் தோளில் ஏற்றினோம். என் முதுகு அன்று ஏன் ஒத்துழைத்தது என்று இன்றுவரை தெரியவில்லை. கயிற்றை ஒரு கையால் பிடித்து, அடி அடியாக நடந்தோம். நடுவில் முருகவேலின் ஒரு செருப்பு ஓடையோடு போனது. அவன் இன்னொன்றையும் உதறிவிட்டு நடந்தான். அஞ்சலை எங்களுக்கு முன்னால் கயிற்றைப் பிடித்துப் போனாள், ஒரு முறையும் திரும்பிப் பார்க்கவில்லை.

அக்கரையில் ஒரு கிழவி சேற்றில் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் இறக்கி வைத்ததும் மகன் முகத்திலிருந்த மழைத்தண்ணீரை முந்தானையால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க மழை பெய்தது. முருகவேல் குனிந்து இரண்டு கையையும் அந்த முகத்துக்கு மேலே குடையாகப் பிடித்தான். அவ்வளவு நேரம் அவனைப் பற்றி நான் மனதுக்குள் வைத்திருந்த கெட்ட வார்த்தைகளில் பாதியைக் கைவிட்டேன். மீதி இருக்கிறது.

சாயங்காலம் தனசேகரன் சார் வீட்டுக்குப் போய், பேனரைத் திருப்பியது முதல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். நான் அந்த ஒரு சொல்லுக்குத் தயாராக நின்றேன்.

"வண்டி இப்ப எங்க இருக்குது?"

"வெட்டவெளியில சார்."

"அப்ப இங்க நின்னு என்னா பேசிக்கிட்டு இருக்கீங்க? வாங்க" என்று குடையை எடுத்தார். இருட்டுவதற்குள் நானும் அவரும் ஜமால் பாயுமாகக் கம்பை நட்டு, பாய் எங்கிருந்தோ தேடிக் கொடுத்த தார்ப்பாயைக் கட்டினோம். கணக்கு வாத்தியாருக்கு ஒரு முடிச்சும் போடத் தெரியவில்லை. கம்பைப் பிடித்துக்கொண்டு மட்டும் நின்றார்.

அண்ணன் என்னை ஒன்றும் செய்யவில்லை. தரைப்பாலத்தில் அவர் ஆட்கள் பிணம் தூக்கிய படமும் வாட்ஸப்பில் போயிருந்தது. ஊரெல்லாம் அவருக்குப் பாராட்டு. ஒரு வாரத்தில் அதற்கும் பேனர் வைத்துவிட்டார்கள், எங்கள் ஆறு பேருக்கு மேலே அண்ணன் கைகூப்பிச் சிரிக்க. என் முகம் பாதி வெட்டுப்பட்டிருந்தது.

கோவிந்தனின் காரியம் முடிந்து இரண்டு நாள் கழித்து, தூறல் விழுந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், அஞ்சலை பட்டறைக்கு வந்தாள். நான் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"என்னாம்மா?"

"ஒண்ணும் இல்லண்ணே." வண்டியின் பின்கதவைத் தொட்டுப் பார்த்தாள். "உள்ள செத்த குந்திக்கட்டுமா?"

நான் பின்கதவைத் திறந்துவிட்டேன். அவர் கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பலகையில் உட்கார்ந்தாள். நான் ஓட்டிய இத்தனை வருடத்தில் பிணத்துக்காக அல்லாமல் அந்த வண்டியில் ஏறிய ஒரே ஆள் அவள்தான். நான் கொட்டாய்க்கு வெளியே வந்து, சூளைச் சுவரில் சாய்ந்து தூறலில் நின்றேன். அவள் அழுத சத்தம் கேட்கவில்லை. ஏதோ பேசின மாதிரி இருந்தது. வீட்டு விஷயம் போல, ரேஷன் கார்டு, பெரியவன் பரீட்சை என்று.

அரை மணி நேரம் கழித்து இறங்கினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அன்னைக்கு அவுருகிட்ட பேசறதுக்கு நேரமே கெடைக்கலண்ணே" என்றாள். தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தாள்.

நான் பின்கதவைச் சாத்தவில்லை. தூறல் சாயாமல் நேராகத்தான் விழுந்துகொண்டிருந்தது. உள்ளே ஒரு சொட்டும் விழவில்லை.